மேலே போன பில்களும் சண்முகக்கனியின் மேசையும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சூடத்தைக் கையில் ஏற்றச் சொன்னால் ஏற்றி அணைக்கிறேன். கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேனே தவிர ஒரு எழுத்துக் குறைக்க மாட்டேன். கருவேலங்குளம் லீலாவதி ஆஸ்பத்திரியில் பில்லுக்குக் கனம் வந்தது நிஜம், சில பில் இறக்கை இல்லாமலே பறந்ததும் நிஜம். நம்பாதவர்கள் இன்றைக்கும் போய் முன்கூடத்தில் நின்று தலைக்கு மேலே மச்சைப் பார்க்கலாம். வெள்ளையடித்த பிறகும் காகிதம் ஒட்டியிருந்த தடம் சதுரம் சதுரமாகத் தெரியும்.

கருவேலங்குளம் தீப்பெட்டி ஆபீஸ்களும் கடலைமிட்டாய்க் கம்பெனிகளும் ஒரு பஸ் ஸ்டாண்டும் உள்ள ஊர். பெரிய டாக்டரம்மா லீலாவதி தன் கழுத்து நகையை விற்று அங்கே ஆஸ்பத்திரி கட்டினார், அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தது அந்த அம்மாவின் கைதான். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி பில்லை யாரும் கொடுத்தவுடன் கட்ட மாட்டார்கள். கட்டினால் அவனுக்கு ஊரில் ஆள் இல்லை என்று அர்த்தம். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரையோ, சங்கத் தலைவரையோ, நகைக்கடை முதலாளியையோ பார்க்கப் போவார்கள், யாரும் கிடைக்காவிட்டால் ரைஸ்மில் பூவலிங்கம் இருக்கவே இருக்கிறார். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "நம்ம ஆளு, பார்த்துப் போடுங்க" என்று நாலு வார்த்தை சொல்வார். அந்த நாலு வார்த்தைக்காகக் காலையில் அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. டாக்டரம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. பில் பாதியாகும், பாதியிலும் பாதியை, அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அடுத்த பிரசவத்துக்குத்தான் திரும்பி வருவார்கள்.

இதைச் சமாளிக்கிற வித்தை பில் செக்‌ஷன் பொறுப்பாளர் சண்முகக்கனியிடம் இருந்தது. கையால் பில் எழுதிய காலத்திலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். நோயாளியின் கூட வந்தவர் படியேறும்போதே, இவர் யாரைப் பிடிப்பார், அவர் எவ்வளவு குறைக்கச் சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். குறைக்கப்போவதை முன்கூட்டியே கூட்டி, பில்லின் கடைசியில் 'இதர' என்று ஒரு வரி போட்டு அதில் அடைத்துவிடுவாள். குறைத்த பிறகு சரியாக வந்து நிற்க வேண்டும் என்பது அவள் கணக்கு. குறைக்கச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் அந்த இதரவையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனார்கள். அது கனிக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கம் அவள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வார்டு பக்கம் வேறு ஒரு வழக்கம். ஊசி போடுவார்கள், குளுக்கோஸ் ஏற்றுவார்கள், ஆக்சிஜன் வைப்பார்கள், எதையும் அப்போதே எழுத மாட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தலைமை நர்ஸ் குளோரிந்தா சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் சொல்வதுபோல், இவருக்கு என்னென்ன செய்தோம் என்று மனசிலிருந்து சொல்வார், கனி எழுதிக்கொள்வாள். சிஸ்டருக்குப் பிடித்த நோயாளிக்கு ஞாபகம் குறைவாக வரும், சிடுசிடுத்தவருக்குக் கூடுதலாக வரும். இப்படி மறந்தது ஒரு பக்கம், திணித்தது ஒரு பக்கமாக அந்த ஆஸ்பத்திரி வருஷக்கணக்காக ஓடி, சம்பளம் தள்ளிப்போய், மருந்து கொடுத்தவன் வாசலில் நின்று, கடைசியில் தீபாவளிக்குள் தவணையைக் கட்டாவிட்டால் கட்டடத்தைப் பூட்டுவோம் என்று பாங்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மதுரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தது. ஸ்கேன் மெஷினை வைத்துக்கொள்வோம், லாபம் இல்லாத டயாலிசிஸ் அறையை மூடிவிடுவோம் என்று ஒளிக்காமலே சொன்னார்கள்.

கனி கையிலிருந்த கணக்கை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது அந்த இடத்தில்தான். அவள் வீட்டுக்காரர் இசக்கிராஜா, லாரிக்கு லோடு பிடித்துக்கொடுத்துக் கொண்டிருந்தவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாராவாரம் அந்த அறையில்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொள்கிறார். என் ரத்தம் வெளியே ஊர் சுற்றிவிட்டு வருகிறது, நான்தான் படுத்தே கிடக்கிறேன் என்று அதையும் கேலியாகச் சொல்வார். அந்த மெஷின் நின்றால் மதுரைக்குப் போக வேண்டும். போய்த் திரும்புகிற அந்தப் பஸ் பயணத்தை அவர் உடம்பு எத்தனை வாரம் தாங்கும் என்று கனி தனக்குள் கேட்டுக்கொள்வாள், பதில் வருவதற்குள் வேறு வேலையைத் தேடிக்கொள்வாள்.

இப்படி இருக்கையில் புரட்டாசி மழை பெய்து விட்ட ஒரு காலையில், தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற செல்லக்கிளி தன் அம்மாவை டிஸ்சார்ஜ் பண்ண வந்தாள். மூச்சிரைப்புக்குச் சேர்த்திருந்த அம்மா. செல்லக்கிளிக்கு ஆள் கிடையாது. கனி வழக்கம்போல் இதரவைப் போட்டுப் பில்லை அடித்தாள். பிரிண்டர் முக்கியது. காகிதம் பாதி வெளியே வந்ததும் பிரிண்டரின் வாய் கோணியது, முழுக்க வந்ததும் காகிதம் மேசைமேல் விழுந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு, தரையில் இறங்கி தளக்கல்லைப் பிளந்து நின்றது. வாட்ச்மேன் சூசையும் ஆம்புலன்ஸ் டிரைவரும் வந்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஏலேலோ போட்டுத் தூக்கி ஓரமாகத் தரையில் வைத்தார்கள். மேசைக் கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பது என்றுதான் கனி முதலில் யோசித்தாள். பேப்பர் கடைக்காரன் கூழில் கல்லைக் கலந்துவிட்டான் என்று சூசை தீர்ப்புச் சொன்னார். செல்லக்கிளி கவலையோடு நின்றாள். இதை ஆட்டோவில் ஏற்றினால் லக்கேஜுக்குத் தனியாகக் கேட்பானே என்றுதான் அவள் கவலை.

அடுத்து நகைக்கடை முதலாளியின் மைத்துனருக்குப் பித்தப்பை ஆபரேஷன் பில். அதற்கு முந்தின நாளே எல்லாத் திசையிலிருந்தும் போன் வந்து, கனி வெட்டு வெட்டென்று வெட்டியிருந்தாள். அந்தப் பில் பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததும் கீழே வரவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, கவுன்ட்டர் கண்ணாடியைத் தாண்டி, முன்கூடத்து மச்சில் மின்விசிறிக்குப் பக்கத்தில் எழுத்து கீழே பார்த்தபடி பல்லிபோல் போய் ஒட்டிக்கொண்டது. முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாந்து மைத்துனரின் பெயரையும் குறைத்த தொகையையும் வாசித்தார்கள். ஒரு கிழவர் கண்ணாடி போட்டு இரண்டாம் தடவை வாசித்தார். எலெக்ட்ரீஷியன் ஏணி கொண்டுவந்து பிய்க்கப் பார்த்தார், சுண்ணாம்புதான் பெயர்ந்தது.

அன்று முழுக்க இதே கதைதான். கூட்டிப் போட்டது கல்லாகக் கனத்தது, குறைத்துப் போட்டது மேலே போனது. ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. பில் வாங்கப் போகிறவர்கள் தூக்குவதற்கு ஒரு மச்சானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதிர்த்த காய்கறிக் கடையில் தராசு இருந்தது, பில்லை நிறுத்துப் பார்ப்பதற்குக் கடைக்காரர் தனியாகக் காசு வாங்க ஆரம்பித்தார். காயைவிட அதில் கூடக் கிடைக்கிறது என்று மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். லிஃப்டில் சிசேரியன் பில் ஒன்றை ஏற்றி, லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே இருந்த குளோரிந்தா சிஸ்டர் சங்கீதம் பாடிக்கொண்டிருந்ததை ஊரே கேட்டது. தெருவில் இரண்டு பேர் சந்தித்தால், சாப்பிட்டாச்சா என்பது போய், பில் எப்படி, கனமா, பறத்தலா என்று விசாரித்துக்கொண்டார்கள். இது ஏன் வந்தது என்று டாக்டர் ஒருவர் மட்டும் கேட்டார். மழைக்காலம் இல்லையா டாக்டர் என்று சொல்லிவிட்டார்கள், அவரும் சரி என்றார்.

முதல் நாளே, அந்த முதல் பில்லில், கனிக்கு விஷயம் பிடிபட்டது, ஆனால் வந்துகொண்டிருந்த போன்களும் சிஸ்டரின் ஞாபகமும் அவ்வளவு சீக்கிரம் அவளை விடவில்லை. காகிதத்தைத் தூக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே குத்தவைத்து வாசித்துக்கொண்டிருந்த செல்லக்கிளி, தலை நிமிராமல் கேட்டாள்.

"யக்கா, இந்த இதரங்கிறது என்னது? எங்கம்மா அதைச் சாப்பிட்டாளா, இல்ல ஊசில போட்டீங்களா?"

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட ஆள் இல்லை. கனி அந்த வரியை அடித்துவிட்டு வேறு பில் எடுத்தாள். அது கல்லாக இல்லை, செங்கலாக இருந்தது. திரும்ப வார்டுக்குப் போய்க் கேட்டால், மூச்சுக்கு மருந்துப் புகை பிடித்தது ஒரு நாள்தான், சிஸ்டர் ஞாபகத்தில் கூடிப்போயிருக்கிறது. அதையும் எடுத்தாள், பில் இலேசானது. நல்ல மனசு வந்துவிட்ட வேகத்தில் படுக்கை வாடகையிலும் கொஞ்சம் எடுத்தாள், பில் விரலை விட்டு எழும்பியது. எட்டிப் பிடித்து வாடகையைத் திரும்பப் போட்டாள். பில் அவள் உள்ளங்கையில் படுத்தது, கன்றுக்குட்டி வைக்கோலில் படுப்பதுபோல, அசையாமல்.

செல்லக்கிளி முந்தானை முடிச்சை அவிழ்த்து முழுசாகக் கட்டினாள். கட்டிவிட்டு, அந்தப் பில்லை விரித்த கையில் வைத்துக்கொண்டு, மூடாமல், கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். பறக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. பார்த்த ஜனம் ஒதுங்கி வழி விட்டது. ஆள் இல்லாதவள் என்று அவளை அதுவரை சொன்னவர்கள், அவள் கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு எல்லாருக்கும் அந்த மாதிரி பில்தான் வேண்டியிருந்தது. கவுரவம் கையில் படுத்திருக்கிற பில்லுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பில் போடுவது சுலபமாக இல்லை. எது நடந்தது என்று சரியாகத் தெரிந்தால்தானே சரியாகப் போட முடியும். கனி மாடிக்குப் போய்க் குளோரிந்தா சிஸ்டரிடம், ஊசி போட்ட அந்த நிமிஷமே எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். நான் ஊசி போடவா, இல்லை உனக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கவா என்று சிஸ்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிஸ்டர் மனசிலிருந்து சொன்ன அடுத்த பில்லை, சிஸ்டரே கீழே கொண்டுபோகட்டும் என்று மாடியில் இருந்த பிரிண்டரிலேயே அடித்து, கனி அவர் மடியில் வைத்தாள். நாற்காலியின் நாலு காலும் விரிந்தன.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டில் காலிலும் கட்டுத்துணியால் ஒரு பென்சில் தொங்கியது, பக்கத்தில் ஒரு அட்டை. பிரிக்கிற பஞ்சு, மாற்றுகிற பாட்டில், போடுகிற கையுறை எல்லாம் அதில் அப்போதைக்கப்போதே ஏறின, சாயங்காலம் காபி வருகிற நேரத்தில் அன்றைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கூட இருப்பவர்களிடம் வாசித்துக் காட்டினார்கள். சேர்க்கும்போதே ஏறக்குறைய இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கே காகிதம் போனது, முன்பெல்லாம் கேள்வியோடு திரும்பி வந்த காகிதங்கள் பணத்தோடு திரும்பி வந்தன. இதில் கனியே எதிர்பார்க்காதது, நோயாளிகள் செய்த காவல். தன் பில் மச்சில் போய் ஒட்டி ஊர் சிரித்துவிடுமோ என்ற பயத்தில், அரை மயக்கத்தில் இருந்த ஆள்கூடக் கண்ணைத் திறந்து, சிஸ்டர், இப்போது வைத்த பஞ்சை எழுதவில்லையே என்று கேட்டுவிட்டுத் திரும்ப மயங்கினார்.

வசூல் கூடியது. சம்பளம் வந்தது. ஆனால் பாங்கித் தவணை அளவுக்குக் கூடவில்லை. ஏனென்றால், கட்டடத்தைக் காப்பாற்றுகிற பணம் மச்சில் ஒட்டியிருந்தது. புதுப் பில்கள் மட்டும் என்றில்லை, வருஷக்கணக்காக ஆள் வைத்துக் குறைத்து, அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிப்போன பழைய பில்களும் ஒன்றன்பின் ஒன்றாக அலமாரியை விட்டுக் கிளம்பி மேலே போயிருந்தன. மின்விசிறியைச் சுற்றி வெள்ளை வௌவால் கூட்டம்போல அவை தொங்கின. பெயர் உள்ளவர்கள் முன்கூடத்துப் பக்கம் தலை காட்டுவதை விட்டார்கள். காய்ச்சல் வந்தால்கூடப் பின்வாசல் வழியாக வந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று கனி நினைத்திருந்தாள். அவள் மேசையின் பெரிய இழுப்பறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மிக் குழவிக்கு அடியில், இசக்கிராஜாவின் பில்கள் கட்டாக இருந்தன. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஒரு வடிகட்டியும் குழாய்களும் வேண்டும், விலை கூடியது அதுதான். அதை மட்டும் எழுதாமல் விடுவது அவளுக்கு எப்போதோ பழக்கமாகிவிட்டது. காகிதங்கள் பறக்க ஆரம்பித்த அன்றைக்கே அவள் குழவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்காலால் இழுப்பறையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். உள்ளே கட்டு, மூடி போட்ட பானையில் சோறு கொதிப்பதுபோல் மெல்ல முட்டிக்கொண்டிருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மாடியில் டாக்டரம்மாவின் அறையில் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் கடனைக் கூட்டிப் போட்டு அந்த அறையிலேயே தொகையை எழுதி நிரப்பிவிட்டார்கள், கையெழுத்துத்தான் பாக்கி. டயாலிசிஸ் அறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, அதன் வழியே இசக்கிராஜா மெஷினோடு படுத்திருப்பது கனிக்குத் தெரிந்தது. அப்போது ரைஸ்மில் பூவலிங்கம் முன்வாசல் வழியாகவே வந்தார், பட்டுவேட்டி, பின்னால் சம்பந்தி வீட்டார், ஒரு வேன் நிறைய ஜனம். அவருடைய மருமகள் பேரன் பெற்றுக் கொடுத்திருந்தாள். ராகுகாலம் பிடிப்பதற்குள் பிள்ளையை வீட்டு வாசல்படி தாண்ட வைத்துவிட வேண்டும், ஆரத்தி கரைத்து வைத்திருக்கிறது.

கனி பில்லை நீட்டினாள். அது கவுன்ட்டரில் சமர்த்தாகப் படுத்திருந்தது. பூவலிங்கம் அதைப் பார்க்கவே இல்லை.

"என்ன தாயி, நம்ம வீட்டுப் பிள்ளை. பார்த்துப் போடு."

"பார்த்துத்தான் போட்டிருக்கு அண்ணாச்சி. குறைச்சா மேல போயி ஒட்டிக்கிடும். பிறந்த பிள்ளை பேரு மச்சுல வேண்டாம்."

சம்பந்தி வீட்டார் முன்னால் பூவலிங்கத்துக்கு முகம் சிவந்தது. அவர் கவுன்ட்டர்மேல் சாய்ந்தார். கனி குழவியை இழுப்பறையில் வைத்ததைப் பார்த்த வாட்ச்மேன் சூசை எப்போதோ டீக்கடையில் வாய் விட்டிருக்க வேண்டும்.

"ஊரு பில்லெல்லாம் மேல தொங்குது, சரி. உன் வீட்டுக்காரர் பில்லு எங்க தாயி? அதை ஏன் அம்மிக்கல்லுக்கு அடியில வச்சிருக்க?"

கூடம் முழுக்கக் கவுன்ட்டர் பக்கம் திரும்பியது. மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியதுபோல் இருந்தது. கனி கண்ணாடி வழியே அந்தப் பக்கம் பார்த்தாள். இசக்கிராஜா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழவியை எடுத்தால் வேலை போகலாம். எடுக்காவிட்டால் அவளைக் காட்டி ஊரும் கட்டாது, மச்சில் இருக்கிற ஒரு பில்லும் இறங்கப்போவதில்லை, மாடியில் பேனா மூடி திறந்துவிட்டது, அந்த மெஷின் நின்றுவிடும். அவள் இழுப்பறையைத் திறந்து, குனிந்து, குழவியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள்.

பில் கட்டு எழும்பி இழுப்பறையின் மேல்பலகையில் முட்டியது. பலகை விடவில்லை, கட்டும் விடவில்லை. ஒரு முனகல் கேட்டது. கனிக்கு எழுந்திருக்க நேரம் இல்லை. மேசை எழும்பியது, மேசையின் குறுக்குக்கட்டையில் கால் மாட்டியிருந்த நாற்காலியும் சேர்ந்து எழும்பியது, அதில் சண்முகக்கனி, கம்ப்யூட்டர், பிரிண்டர், முருகன் படம் போட்ட காலண்டர், தண்ணீர் பாட்டில், எல்லாமாக, சப்பரம் கிளம்புவதுபோல ஆடாமல் அலுங்காமல் மேலே போனது. வயர் நீளமானது, அறுந்து போகவில்லை. மச்சுக்கு ஒரு முழம் கீழே நின்றது. அங்கே ஒட்டியிருந்த பில்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து மேசைக்காலையும் விளிம்பையும் பற்றிக்கொண்டன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இசக்கிராஜாவின் குரல் வந்தது. "ஏளா கனி, போனதுதான் போன, அப்படியே ஒட்டடையும் அடிச்சிட்டு வா."

கூடம் சிரித்தது. கனிக்கும் சிரிப்பு வந்தது, அதோடு பயமும் போய்விட்டது. அவள் கீழே குனிந்து, மைக் இல்லாமலே தெருவரைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"இது எங்க வீட்டுக்காரர் பில்லு. வடிகட்டியும் குழாயும் எழுதாம விட்டது நான்தான், அவருக்குத் தெரியாது. மாசாமாசம் என் சம்பளத்துல பிடிச்சுக்கிடட்டும். இப்ப மத்த பேரை வாசிக்கேன்."

சொல்லிவிட்டுப் பிரிண்டரைத் தட்டி, விட்டதையெல்லாம் சேர்த்துப் புதுப் பில் அடித்து, அதில் கையெழுத்துப் போட்டாள். இழுப்பறைக்குள் முட்டல் நின்றது. மேசை ஒரு குலுக்குக் குலுங்கியது, ஆனால் இறங்கவில்லை. மற்ற பில்கள் விடாமல் பிடித்திருந்தன. அவை இறங்கினால்தான் மேசை இறங்கும். மேசை இறங்கினால்தான் ரசீது வரும். ரசீது வந்தால்தான் டிஸ்சார்ஜ். கடிகாரம் ராகுகாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, பிள்ளை துணிக்குள் கொட்டாவி விட்டது.

கனி வாசித்த முதல் பெயர் பூவலிங்கத்தினுடையது. அவருடைய குடலிறக்கம், அவர் வீட்டம்மாவின் கண்புரை, போன வருஷம் அவர் மில்லில் நெல் மூட்டை விழுந்தவரின் கால். சம்பந்தி வீட்டார் எண்ணிக்கொண்டு நின்றார்கள். பூவலிங்கம் வழக்கம்போல் போனை எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஊரில் எல்லாரும் ஆளுக்காக அவரிடம் வருவார்கள், அவர் போய் நிற்க ஒரு ஆள் கிடையாது. போனைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு தன் கணக்கைத் தானே கட்டினார். பில்கள் பிடியை விட்டு உதிர்ந்தன. மேசை ஒரு சாண் இறங்கியது.

ஒரு சாண்தான். கடிகாரம் நிற்கவில்லை. அந்த இடத்தில்தான் பூவலிங்கத்துக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. கையில் இருந்த போனை விடாமல், நகைக்கடை முதலாளிக்குப் போட்டார், சங்கத் தலைவருக்குப் போட்டார், யார் யாருக்காக இதுவரை ஆஸ்பத்திரிக்குப் பேசினாரோ அத்தனை பேருக்கும் போட்டார். வார்த்தை மட்டும் மாறிவிட்டது.

"நம்ம பொண்ணு மேல இருக்கு. வந்து கட்டிட்டுப் போங்க."

அவர் சொல்லி அந்த ஊரில் நடக்காதது எது. நகைக்கடை முதலாளி மைத்துனரைக் காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். கவுன்சிலர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கடலைமிட்டாய்க் கம்பெனிக்காரர் வெல்லப்பாகு ஒட்டிய கையோடு வந்தார். எதிர்த்த காய்கறிக்காரர் தராசோடு வந்தார், அவர் பெயரும் மேலே இருந்தது. செல்லக்கிளி தீப்பெட்டி ஆபீசிலிருந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து வாசலில் வரிசை போட்டு, யாரையும் குறுக்கே புக விடாமல் ஒழுங்கு பண்ணினாள். கட்டக் கட்ட, மேலே கனி பெயரை அடித்தாள், ஒவ்வொரு பில்லும் விட்டு விழுந்தது, மேசை இறங்கியது. தேர் நிலைக்கு வருகிற நேரத்துச் சத்தம் முன்கூடத்தில் எழுந்தது. ஜனங்கள் கையைத் தூக்கி மேசைக்காலைத் தாங்கினார்கள். குளோரிந்தா சிஸ்டர் குலவை போட்டார், ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று. மேசை தன் பழைய பள்ளத்தில் வந்து உட்கார்ந்தபோது ராகுகாலம் பிடிக்க ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் பாக்கி இருந்தது. கனி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள், பூவலிங்கம் அதைப் பேரன் நெஞ்சில் வைத்தார். அது பிள்ளையின் மூச்சோடு ஏறி இறங்கியதே தவிர, பறக்கவில்லை. வேன் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

மாடியில் டாக்டரம்மா சத்தம் கேட்டுப் பேனாவோடு படியிறங்கி வந்து, கவுன்ட்டரில் குவிந்திருந்ததையும் வெறுமையாகக் கிடந்த மச்சையும் பார்த்தார். பேனாவை மூடிக் கனியிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வார்டு பார்க்கப் போய்விட்டார். தவணை அன்றைக்கே பாங்கிக்குப் போனது. கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு புறப்படப் பார்த்தார்கள், அது டாக்டரம்மாவின் மேசையை விட்டு எழும்பவில்லை. அவர்களும் அவர்களுடைய டிரைவரும் சேர்ந்து இழுத்தார்கள், சட்டைப் பொத்தான்தான் தெறித்தது. விட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு சூசை கடப்பாரை போட்டு நெம்பி இறக்கி, ஆம்புலன்ஸ் சக்கரம் உருளாமல் முட்டுக்கொடுக்கிற கல்லாக வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அதுதான் முட்டுக்கல்.

அன்றைய சுத்திகரிப்பு முடிந்து இசக்கிராஜா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தார். கனி அவர் பில்லை அடித்தாள். வடிகட்டி இருந்தது, குழாய் இருந்தது, ஊழியர் குடும்பத்துக்கு உரிய சலுகை இருந்தது, ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் விடவில்லை. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊதிப் பார்த்தார். அது மயிலிறகு மாதிரிக்கூட அசையவில்லை.

"கனக்கா?" என்று கேட்டாள் கனி.

"கனக்கத்தான் செய்யுது," என்றார் அவர். "ஆனா தூக்கிரலாம் போலிருக்கு. அடுத்த வாரமும் இதையே போடு."

அடுத்த வாரமும் போட்டாள். அதற்கு அடுத்த வாரமும். அந்த மெஷின் இன்றுவரை ஓடுகிறது.

போகட்டும், நான் சொன்னேன் என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். பூவலிங்கம் அண்ணாச்சி நல்ல சுகத்தோடு இருக்கிறார், அந்த மேசையை ஒரே போனில் இறக்கினது தான்தான் என்று பேரனுக்குக் கதை சொல்லி வளர்த்துக்கொண்டிருக்கிறார், அதில் நான் ஏன் குறுக்கே விழ வேண்டும். யார் சொன்னது என்று எவராவது கேட்டால், முன்கூடத்து மின்விசிறி சொன்னது என்று சொல்லிவிடுங்கள். அது எல்லாவற்றையும் மேலே இருந்தே பார்த்தது, கேட்டால் இல்லை என்று தலையாட்டத்தான் அதற்குத் தெரியும்.